சூரபன்மனும் மேசைக் கதையாட்டமும்

கதையில் தலைவனைப் படைப்பது எளிது; அவனை எதிர்த்து நிற்கும் பகைவனைப் படைப்பதே அரிது. அப்பகைவன் மானிடனாய் இராமல் தெய்வத்தன்மை உடையவனாயும் இருந்துவிட்டால் இடர் இரட்டிப்பாகும். அவன் வலிமையைக் குறைத்தால் தெய்வம் என்னும் பெயர் அவனுக்குப் பொருந்தாது. மிகுத்தால் அவனை வெல்லும் வழி அடைபட்டுப் போகும். தமிழ்ப் புராணப் புலவர் இவ்விடரை எவ்வாறு கடந்தனர் என்று ஆராய்வது, இன்று புதிதாய்க் கதை புனைய முற்படுவோர்க்கும் பயன் தருவதாகும்.

அவ்வாறு புனைவோருள் ஒரு புதிய கூட்டத்தாரும் இன்று உளர். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கின்றனர். அவருள் ஒருவர் சூத்திரதாரி; நாட்டையும் நகரையும் பகைவரையும் அவரே வகுப்பார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அப்பாத்திரம் இன்னது செய்கிறது என்று வாய்மொழியாகச் சொல்வர். செய்த செயல் பலித்ததா, பிழைத்ததா என்பதைப் பகடை உருட்டி முடிவு செய்வர். 1974-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் ஆக்கி வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பதே இவ்வகை ஆட்டங்களுக்கு முன்னோடி. ஒரே கதை பல மாதங்கள் தொடர்வதும் உண்டு. அதன் முடிவில் பெரும் பகைவனாக ஒரு தெய்வத்தையே நிறுத்த வேண்டும் என்னும் ஆசை சூத்திரதாரிகள் பலர்க்கு எழுவது இயல்பே.

கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய வட்டாரங்களின் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர், நாள் முழுதும் உழைத்துவிட்டு இரவிலே புராணக் கதை கேட்டும் கூத்துக் கண்டும் வளர்ந்தவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இப்புதிய ஆட்டத்தில் இறங்குவராயின், பகைத் தெய்வத்துக்கு மாதிரி தேடி அயல்நாட்டு நூல்களைப் புரட்ட வேண்டுவதில்லை. கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணம் கைக்கெட்டும் தொலைவிலேயே இருக்கிறது.

எண்ணால் அளந்த தெய்வம்

மேற்சொன்ன ஆட்டத்தின் துணைநூலாக 1976-இல் ராபர்ட் குண்ட்ஸ், ஜேம்ஸ் வார்ட் ஆகியோர் எழுதிய தெய்வத் தொகுதி ஒன்று வெளிவந்தது. 1980-இல் அதன் வழிவந்த பெருநூல், 'டெய்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்' என்னும் பெயரால் அச்சாயிற்று. கிரேக்கர், எகிப்தியர், வடபுல ஐரோப்பியர் தெய்வங்களோடு நம் இந்திரன், அக்கினி, வருணன், யமன் ஆகியோரும் அதில் இடம்பெற்றனர். ஒவ்வொரு தெய்வத்துக்கும் உயிரளவு, கவசத்தின் திறம், மந்திர வன்மை என எல்லாவற்றுக்கும் எண் குறிக்கப்பட்டிருந்தது. கிரேக்கரின் தலைமைத் தெய்வமாகிய ஜீயஸுக்கு உயிரளவு 400.

இதனைக் கண்டு சினப்பதிற் பயனில்லை. ஆட்டத்திற்கு எண் வேண்டும். எண்ணின்றிப் பகடைக்கு வேலையில்லை. ஆனால் எண் ஒன்றையே கொண்டு ஒரு பகைத் தெய்வத்தை அமைத்தால் விளைவது யாது? 400 என்றால், 400-ஐ எட்டும்வரை அடித்தாற் போதும் என்றாகிறது. அத்தெய்வம் சற்றே பெரிய காட்டுப்பன்றியாய்ச் சுருங்கிவிடுகிறது. ஆடுவோர் அதை வென்றபின் களைப்படைவர். கலங்குவதற்கு அங்கே ஒன்றும் இராது.

இக்குறை அயல்நாட்டார்க்கு மட்டும் உரியதன்று. ஆறு காண்டங்களும் 10,345 பாடல்களும் கொண்ட கந்தபுராணத்திலேயே, யுத்த காண்டத்தின் சில பகுதிகளில் கணைக்குக் கணை, மாயைக்கு மாயை என அடுக்கிச் செல்லும்போது படிப்போர் நெஞ்சம் அயர்வதுண்டு. படைக்கலங்களின் எண்ணிக்கை பெருகப் பெருக அச்சம் பெருகுவதில்லை. சூரபன்மன் நம் மனத்தில் நிலைத்திருப்பதற்குக் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது.

வரத்தின் இலக்கணம்

நம் புராணங்களில் பகைவனின் வலிமை அவன் பிறப்போடு மட்டும் வருவதன்று. அவன் தவம் செய்து வாங்குவது. வாங்கிய வலிமைக்குக் கொடுத்தவன் ஒருவன் உண்டு; கொடுத்ததற்கு ஒரு வரம்பும் உண்டு. அவ்வரம்பு மூவகையாய் அமைதல் காணலாம்.

இரணியன் பகலிலும் இரவிலும், அகத்திலும் புறத்திலும், மனிதராலும் விலங்காலும் சாவு கூடாதென்று கேட்டான். அவன் சொற்களுக்கு நடுவே இருந்த இடைவெளியில் நரசிங்கம் தோன்றிற்று. இது சொல்லில் ஓட்டையுள்ள வரம். இராவணன் தேவர் முதலியோரால் அழியாமை கேட்டு, மானிடரைப் பொருட்படுத்தாமல் விட்டான். இது செருக்கினால் குறைபட்ட வரம். முன்னது அறிவுக்கு விருந்து. பின்னது ஒழுக்கத்துக்குப் பாடம். கம்பர் இரணியன் கதையை வீடணன் வாயிலாக இராவணனுக்கே சொல்லச் செய்திருக்கும் நயம் ஈண்டு எண்ணத்தக்கது. ஒரு பகைவனுக்கு மற்றொரு பகைவனின் கதை எச்சரிக்கையாய்ச் சொல்லப்படுகிறது, கேட்டவனோ திருந்தினானில்லை.

சூரபன்மன் பெற்றது மூன்றாம் வகை. 1,008 அண்டங்களை 108 யுகம் ஆளும் உரிமையைச் சிவபெருமான் அவனுக்கு அளித்தார். தம் சத்தியன்றி வேறெதுவும் அவனை வெல்லாது என்பதும் அவ்வரத்தோடு சேர்ந்தது. இதிலே சொல்லோட்டையும் இல்லை, மறதியும் இல்லை. ஆனால் கொடுத்தவர் தாம் கொடுத்ததற்குக் கட்டுப்பட்டு நிற்கிறார். தேவர் வந்து முறையிட்டபோதும் அவர் தம் வாக்கைப் பின்வாங்கிக்கொள்ளவில்லை. தம் நெற்றிக்கண்ணின் பொறியிலிருந்து தோன்றிய குமரனை அனுப்புகிறார். வாக்கும் பிழைக்கவில்லை, தேவரும் கைவிடப்படவில்லை.

கதை அமைப்போர் கற்க வேண்டிய முதற்பாடம் இதுவே. பகைத் தெய்வத்தின் உயிரளவைக் குறிக்குமுன், அவனுக்கு வலிமை தந்தவர் யார், அவர் இப்போது யாருக்கு என்ன பதில் சொல்லக் கடமைப்பட்டுள்ளார் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆடுவோர் வாளெடுக்குமுன் அந்தக் கொடையாளியின் வாயிலுக்குச் செல்ல வேண்டியவராவர். 108 யுகம் என்பதுபோல் காலவரையறை ஒன்றும் வைத்துவிட்டால், காத்திருப்பதா, இப்போதே எதிர்ப்பதா என்னும் வினாவும் எழும்.

மீன் சுமந்த தேவர்

பகைவனின் வலிமை எத்துணைப் பெரிதாயினும், அவன் செய்த தீமை கண்முன் நில்லாவிடின் கதை உயிர் பெறாது. 'உலகை அழிக்க வந்தான்' என்று சொல்லுவது எளிது. உலகம் அழிவதை எவரும் கண்டதில்லை.

கச்சியப்பர் இங்கே கையாண்ட முறை வியக்கத்தக்கது. அசுர காண்டத்தில் தேவரை ஏவல் கொள் படலம் என்றே ஒரு படலம் உண்டு. சூரபன்மன் தேவரை ஒரேயடியாய்க் கொன்றுவிடவில்லை. அவர்களை வேலை வாங்கினான். கடல்மீனைப் பிடித்துச் சுமந்துவந்து அசுரர்க்குப் படைக்கும் பணி அவர்கள் தலையில் விழுந்தது. அமுதம் உண்டவர் தோளில் மீன்சுமை ஏறிற்று. பின்னர் இந்திரன் சீகாழியில் ஒளிந்து வாழ்ந்ததும், அவன் மகன் சயந்தன் சிறைப்பட்டதும் இத்தொடரில் வருவன.

கோலசிலாங்கூர்க் கரையில் மீன்படகு வந்து சேர்வதைக் கண்டவர்க்கு இக்காட்சியை விளக்க வேண்டியதில்லை. பிறர் ஏவலுக்காக விடியுமுன் எழுந்து பெரட்டில் நின்றவர்களின் வழிவந்தோர்க்கோ அது இன்னும் நன்கு விளங்கும். இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமாக 1917-இல் பயிரிடப்பட்ட தென்னமரம் தோட்டம் இவ்வட்டாரத்தில்தான் இருக்கிறது. அக்காலத்தில் கங்காணியிடம் முன்பணம் பெற்றுக் கப்பலேறிய தமிழர் பலர், அந்தக் கடனைத் தம் உழைப்பால் அடைத்தனர். இந்திய அரசாங்கம் 1938-இல் விதித்த தடையோடு அவ்வாறு ஆளெடுப்பது நின்றது. வாங்கியவனைக் கட்டுவது முன்பணம். கொடுத்தவரைக் கட்டுவது வரம். சூரபன்மன் வரத்தைத் தான் வாங்கிக்கொண்டு, அதன் சுமையைப் பிறர் தோளில் ஏற்றினான். கொடுமை என்பது அதுதான்.

ஆகவே பகைத் தெய்வம் என்ன அழிக்கப் போகிறது என்று கேட்பதைக் காட்டிலும், யாரை என்ன வேலை வாங்குகிறது என்று கேட்பது சிறப்பு. ஆடுவோர் சென்று சேரும் முதல் ஊரிலேயே அந்த வேலையின் அடையாளம் தென்பட வேண்டும். இன்னொன்றும் உண்டு. தக்கன் வேள்வியிற் கலந்துகொண்ட குற்றமே தேவரின் இத்துன்பத்துக்குக் காரணம் என்று புராணம் கூறுகிறது. துன்புறுவோர் பக்கத்திலும் ஒரு பழி இருப்பது கதைக்கு ஆழம் தருகிறது.

திரும்புவதற்கு ஒரு வழி

போர் தொடங்குமுன் வீரவாகுதேவர் தூது செல்கிறார். அவர் கேட்பது ஒன்றே: தேவரைச் சிறைவிடுக. அண்டங்களை ஒப்படைக்கும்படி அவர் கேட்கவில்லை. கேட்டதைச் செய்திருந்தால் சூரபன்மன் வாழ்ந்திருக்கலாம். அவன் தம்பி சிங்கமுகனும் அவ்வாறே அறிவுரை கூறுகிறான். தமையன் இணங்காதபோது, தான் சொன்னது சரியென்று தெரிந்தே அவனுக்காகப் போரிட்டு மடிகிறான். மகன் இரணியனோ தந்தைக்கு நீர்க்கடன் செய்ய ஒருவன் வேண்டும் என்று எண்ணி, மீன் வடிவெடுத்துக் கடலுள் மறைகிறான். பகைவனின் வீட்டிலும் இத்துணை வேறுபட்ட மனங்கள் உள்ளன.

இறுதியில் முருகப்பெருமான் தம் பேருருவைக் காட்டுகிறார். அதுவரை பாலன் என்று இகழ்ந்திருந்தவன் ஒருகணம் உண்மையை உணர்ந்து உருகுகிறான். அக்காட்சி மறைந்ததும் பழைய சினம் திரும்புகிறது. புராணம் முழுவதிலும் நெஞ்சை உலுக்கும் இடம் இதுவே எனலாம். வேல் பாய்வதைக் காட்டிலும், உண்மையைக் கண்டும் அதிலே நிற்க இயலாமற்போன அந்த ஒருகணமே துயரமானது.

மேசைக் கதையாட்டத்தின் தனிச்சிறப்பும் இங்குதான் வெளிப்படும். எழுதிய காப்பியத்தில் முடிவு முன்னமே உறுதி. ஆட்டத்திலோ, தூது சென்றவர் திறமையாகப் பேசினால் பகைவன் மனம் மாறவும் கூடும். அதற்கு இடம் வேண்டுமானால், பகைவன் செய்த தீமை இறுதிவரை திருத்தக்கூடிய ஒன்றாய் இருத்தல் வேண்டும். சிறைக்கதவு என்பது திறக்கக்கூடிய பொருள்.

போருக்குப் பின்

மில்டன் 1667-இல் வெளியிட்ட காப்பியத்தில் சாத்தான் இறுதியில் தன் கூட்டத்தோடு பாம்பாகிச் சீறுகிறான். அதுவே அவனுக்குத் தண்டனை. கடல் நடுவே மாமரமாய் நின்ற சூரபன்மனோ, வேலாற் பிளவுண்டு சேவலும் மயிலுமாய் எழுந்து மீண்டும் எதிர்க்கிறான். முருகன் அருளோடு நோக்க, அவை பகை நீங்கிக் கொடியும் ஊர்தியும் ஆகின்றன. பத்துமலைக்குச் செல்லும் அன்பர் வணங்கும் மயிலில், வெல்லப்பட்டவனும் இருக்கிறான்.

தோட்டத்து வழிபாட்டிலும் இவ்வுணர்வின் சாயலைக் காணலாம். எல்லையில் நிற்கும் முனியாண்டி அஞ்சத்தக்கவர். அவருக்குச் சுருட்டும் சாராயமும் படைப்பதுண்டு. மதுரை வீரனோ, கதைப்படி அரசன் ஆணையால் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். பின்னர்க் காவல் தெய்வமானவன். இவர்கள் சூரபன்மனைப் போன்ற கொடியவர்கள் அல்லர். எனினும் அச்சந்தரும் ஆற்றலை விரட்டியடிக்காமல், ஓர் இடம் கொடுத்து, ஒரு கடமையும் கொடுத்து நிறுத்துவது நம் மக்கள் கண்ட நெறி.

ஆதலின் சூத்திரதாரி தன் குறிப்பேட்டில் முதலில் எழுதவேண்டியது கடைசிக் காட்சியை. பகைவன் வீழ்ந்தபின் எங்கே நிற்பான்? எதைக் காப்பான்? அவனை ஏற்றுக்கொள்ள ஊரார் இசைவாரா, அவனுக்காக மீன் சுமந்தவர்கள் மன்னிப்பாரா? இவ்வினாக்களுக்கு விடை தேடி ஆடுவோர் வாதிடும் வாதமே அந்த ஆட்டத்தின் பெரும்போராக அமையும்.

மாமரத்துக்குப் பதிலாகச் சிலாங்கூர் ஆற்றங்கரையின் பெரெம்பாங் மரத்தை வைத்துக்கொள்ளட்டும். கம்போங் குவாந்தானில் இரவுதோறும் மின்மினிகள் மொய்க்கும் அம்மரங்களுள் ஒன்று மட்டும் ஒளியின்றி இருண்டு நிற்பதாகக் கதை தொடங்கட்டும். அதற்குள் இருப்பவனுக்கு எத்தனை உயிரளவு என்பதைப் பிறகு எழுதிக்கொள்ளலாம். அவன் யாரிடம் வரம் வாங்கினான், யாரைச் சுமக்க வைத்தான் என்பதை முதலில் எழுதுக.