கடிகாரத்தின் வாக்கு

2001 நவம்பரில் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘24’ தொடர் துணிச்சலான வாக்கு ஒன்றோடு வந்தது: ஓர் அத்தியாயம் ஒரு மணி நேரம், 24 அத்தியாயம் ஒரு நாள். 2013இல் அனில் கபூர் அதை மும்பைக்குக் கொண்டுவந்தபோதும் இந்த விதி மாறவில்லை. அதன் அழகான தந்திரம் விளம்பர இடைவேளையில் இருக்கிறது. திரையில் நாம் பார்ப்பது முக்கால் மணி நேரமளவுதான்; விளம்பரம் போகும்போதும் கதையின் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். பயணமும் காத்திருப்பும் அந்த இடுக்குக்குள் மறைந்துவிடும். அப்படியும் லொஸ் ஏஞ்சலிஸ் வாகன நெரிசலை நாயகன் ஜாக் பாவர் கடக்கும் வேகம் அந்த ஊர்க்காரரை உறுத்தும். நம் மலையகத்தில் ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாக ஒருவன் 5 நிமிடத்தில் நோர்வூட் வந்து இறங்கினால் இங்குள்ளவர்கள் சிரிக்கமாட்டார்களா?

கதைதானே, இதற்கெல்லாம் கணக்குப் பார்ப்பதா என்று கேட்கலாம். வேறு தொடரென்றால் தேவையில்லை. இடைவேளைதோறும் கடிகாரத்தைக் காட்டி நம்பவைத்த தொடரை அதே கடிகாரத்தால் அளப்பதுதான் நியாயம். ஆனால் எல்லா ஓட்டையும் ஒன்றல்ல. சாலை வேகத்தை மன்னிக்கலாம். அது கதையை நகர்த்துகிறதே தவிர மனிதரைப் பொய்யாக்குவதில்லை. முதல் பருவத்தில் ஜாக்கின் மனைவி டெரி திடீரென நினைவிழந்து, சில மணி நேரத்தில் மீள்வதே பெரிய ஓட்டை. மணி நேரத்தை நிரப்புவதற்காக அங்கே ஒரு பாத்திரத்தின் மனம் வளைக்கப்படுகிறது. பயணத்தை இடைவேளைக்குள் ஒளிக்கலாம்; எழுத்தின் சோம்பலை ஒளிக்க முடியாது. அப்படியொரு கறாரான வடிவத்தைத் தானே தேர்ந்துகொண்டதுதான் இத்தொடரின் பெருமை.