வீடு திரும்பும் கப்பல்: ‘வொயேஜர்’ தொடரும் அதன் பார்வையாளரும்

நாவலையும் சிறுகதையையும் வாசிப்போர் யார், அவர்கள் எதனை வேண்டி நிற்கின்றனர் என்னும் வினாக்களை ஈழத்துத் தமிழ் விமர்சனம் ஓரளவு ஆராய்ந்துள்ளது. தொலைக்காட்சித் தொடர்களின் பார்வையாளர் பற்றி அவ்வாறு கூறுவதற்கில்லை. சுயாதீனத் தொலைக்காட்சி 1979 இலும் ரூபவாஹினி 1982 இலும் ஒளிபரப்பைத் தொடங்கியபின் தொலைக்காட்சி நம் வீடுகளின் அன்றாடப் பொருளாயிற்று. எனினும், முற்போக்கு விமர்சகர் பலர் அதனைப் பொழுதுபோக்கு எனவும், அதிலும் விஞ்ஞானப் புனைகதையைத் தப்பியோட்டம் எனவும் ஒதுக்கி அமைந்தனர். விண்வெளிக் கற்பனை கொழும்புக்கு அந்நியமானதுமன்று. செய்மதிவழிச் செய்தித் தொடர்பு பற்றி 1945 இல் எழுதிய ஆதர் சி. கிளார்க், 1956 முதல் 2008 இல் மறையும்வரை இலங்கையிலேயே வாழ்ந்தார். எனவே, இத்துறையில் ஒரு தொடரையும் அதற்குப் பார்வையாளர் காட்டிய எதிர்வினைகளையும் ஆராய்தல் பயனுடைத்து.

விண்வெளியில் வழிதவறியோரின் கதை அமெரிக்க, பிரித்தானியத் தொலைக்காட்சிகளில் நீண்ட மரபுடையது. 1965 முதல் 1968 வரை ஒளிபரப்பான ‘லொஸ்ட் இன் ஸ்பேஸ்’ தொடரில் ரொபின்சன் குடும்பம் இறுதிவரை வீடு சேரவில்லை. 1975 இல் தொடங்கிய ‘ஸ்பேஸ்: 1999’ தொடரில் சந்திரனே தன் பாதையினின்று பெயர்ந்து, அதன் தளத்திலிருந்தோரைச் சுமந்து செல்கிறது. இம்மரபில் மிக விரிவானது 1995 முதல் 2001 வரை ஏழு பருவங்கள் ஒளிபரப்பான ‘ஸ்டார் ட்ரெக்: வொயேஜர்’ ஆகும். கப்பித்தான் ஜேன்வே என்னும் பெண்ணின் தலைமையிலான கப்பலொன்று பூமியிலிருந்து 70,000 ஒளியாண்டுகளுக்கு அப்பால் எறியப்படுகிறது. உச்ச வேகத்தில் திரும்பினும் 75 ஆண்டுகள் செல்லும். இதுவே தொடரின் கரு.

இத்தொடர் பெற்ற எதிர்வினைகளுள் முதன்மையானது பார்வையாளர் வைத்த கணக்காகும். தொடரின் ஆரம்ப அங்கமொன்றில், கப்பலில் 38 ஏவுகணைகளே உள்ளன எனவும் அவற்றை மீள நிரப்ப வழியில்லை எனவும் கூறப்படுகிறது. பார்வையாளர் அங்கந்தோறும் எண்ணிவந்து, அத்தொகைக்கு மேற்பட்டவை ஏவப்பட்டுவிட்டதைச் சுட்டிக்காட்டினர். ஒரு வாரம் சிதைந்த கப்பல் மறுவாரம் புத்தம் புதியதாய்த் தோன்றுவதையும் கண்டித்தனர். 1997 இல் ஈரங்கமாக வந்த ‘நரக ஆண்டு’ இக்கண்டனத்தின் உச்சமாயிற்று. அதிற் கப்பல் சிறிது சிறிதாய் அழிகிறது, மாலுமிகள் மடிகின்றனர், கப்பித்தான் எஞ்சிய கப்பலையே பகைக்கலத்தின்மீது மோதுகிறாள். அத்துடன் காலம் தொடக்கத்திற்கே மீள்கிறது. நிகழ்ந்தது எவருக்கும் நினைவில்லை.

இக்கண்டனங்களைச் சிலர் வெறும் குற்றங்காணலாகக் கொள்வர். அவ்வாறு கொள்ளுதல் பொருந்தாது. விளைவுகள் நிலைத்து நிற்றல் வேண்டும், பற்றாக்குறை பற்றாக்குறையாகவே இருத்தல் வேண்டும் என்பன யதார்த்தவாதத்தின் அடிப்படைக் கோரிக்கைகள். ஈழத்து இலக்கிய விவாதங்களில் நாம் வேறு சொற்களால் எழுப்பிய கோரிக்கையும் இதுவே. 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமற்ற ஆண்டுகளை ஜாம் போத்தல் விளக்கின் ஒளியிற் கழித்து, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டுப் பின்னர் வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தோர்க்கு, இருப்பதை எண்ணிச் செலவிடல் என்பது விளக்கப்படவேண்டியதொன்றன்று. ஒரு துளி எண்ணெயின் பெறுமதியை அறிந்த கண்ணுக்கு, தீராத ஏவுகணை விஞ்ஞானப் பிழையாக மாத்திரம் தோன்றாது. அது வாழ்க்கை பற்றிக் கூறப்பட்ட பொய்யாகும்.

இப்பொய்க்குரிய காரணத்தை எழுத்தாளரின் திறமைக் குறைவில் தேடுவதிலும் உற்பத்தி முறையில் தேடுவதே தகும். யூ.பி.என். என்னும் புதிய வலையமைப்பு 1995 ஜனவரி 16 ஆம் திகதி இத்தொடருடனேயே தன் ஒளிபரப்பைத் தொடங்கிற்று. மீள்விற்பனைக்குரிய பண்டமான ஒரு தொடரில் எந்த அங்கமும் எந்த வரிசையிலும் ஒளிபரப்பத்தக்கதாய் இருத்தல் விற்போர்க்கு ஆதாயம். முந்திய வாரத்தின் காயம் பிந்திய வாரத்தில் தெரியுமாயின் புதிய பார்வையாளர் விலகுவர் என்னும் அச்சமும் உண்டு. எனவே, ஒவ்வோர் அங்கத்தின் முடிவிலும் வரலாறு துடைக்கப்படுகிறது. இத்தொடரிற் சிறிது காலம் பணியாற்றி 1999 இல் விலகிய ரொனால்ட் டி. மூர், பின்னர் ‘பற்றில்ஸ்டார் கலக்ரிகா’வைப் புதிதாக உருவாக்கியபோது, எஞ்சிய உயிர்களின் தொகையை அங்கந்தோறும் முகப்பிலேயே காட்டினார். பார்வையாளர் வைத்த கணக்கு அங்கே கலையின் பகுதியாயிற்று.

இரண்டாவது கண்டனம் அரசியல் சார்ந்தது. கூட்டமைப்பு செய்த ஓர் உடன்படிக்கையால் தம் குடியிருப்புகள் பகைவர் வசமாக, அதனை ஏற்காது ஆயுதம் ஏந்தியோர் ‘மாக்கி’ எனப்படும் கிளர்ச்சியாளர். அவர்களைப் பிடிக்கச் சென்ற அரசக் கப்பலும் அவர்களது கப்பலும் ஒருங்கே தொலைகின்றன. கிளர்ச்சியாளரின் கப்பல் அழிய, எஞ்சியோர் முதற் கதையின் முடிவிலேயே அரச சீருடை அணிந்து ஜேன்வேயின்கீழ்ப் பணிபுரிகின்றனர். பகை பெரும்பாலும் அத்துடன் அடங்கிவிடுகிறது. நாடகத்தன்மை வீணாயிற்று எனப் பார்வையாளர் பலர் குறைகூறினர். நாம் மேலும் ஒன்று கேட்கலாம். அடங்கியது எவரது கோரிக்கை? சீருடை ஒருபக்கத்தாரது, சட்டமும் அவர்களதே. 1998 இல் ஒளிபரப்பான அங்கமொன்றில் ஊரிலிருந்து முதன்முறையாகக் கடிதங்கள் வருகின்றன. மாக்கியினர் முற்றாக அழிக்கப்பட்டனர் என்னும் செய்தி அவற்றுள் ஒன்றில் வருகிறது. தொலைவிலிருந்து இழவுச் செய்தி பெறுதலின் இயல்பை அவ்வங்கம் சில கணங்கள் உண்மையாகவே தொடுகிறது. ஆயினும், அத்துயர் பின்வரும் அங்கங்களுட் பெரும்பாலானவற்றில் ஆழ்ந்த சுவடு எதனையும் பதிக்கவில்லை.

இவற்றுக்கு எதிரான எதிர்வினையையும் நேர்மையுடன் நோக்குதல் வேண்டும். தொலைந்தோர் ஒருவரையொருவர் உறவாக்கிக்கொள்ளும் காட்சியே பலரை இத்தொடருடன் பிணைத்தது. ஒரு பெண் விஞ்ஞானியாகவும் தலைவியாகவும் நிற்பது பெண்களுக்கு ஊக்கமளித்தது. இந்த ஆறுதலைப் பொய்யுணர்வு என ஒதுக்குதல் எளிது; ஆயின் அது நியாயமாகாது. வெள்ளவத்தையே ஒருவகையில் அத்தகைய கப்பலெனலாம். வெளிநாட்டுப் பயணத்துக்குக் காத்திருந்தோர், இடம்பெயர்ந்தோர், பலகாலம் முன்னரே குடியேறியோர் ஆகிய பல திறத்தாரும் அங்கு அயலவராயினர். உறவு அவ்வாறுதான் உருவாகிறது. அதனை நாடும் பார்வையாளரும் காயத்தின் தழும்பைக் கேட்கும் பார்வையாளரும் ஒரே தேவையின் இரு பக்கத்தினர். இழந்தவர்க்கே புதிய உறவின் அருமை புலப்படும். தொடரோ இழப்பை மறைத்து உறவை மாத்திரம் காட்ட முயன்றது.

2001 மே 23 ஆம் திகதி ஒளிபரப்பான இறுதி அங்கம் கப்பல் பூமியை அணுகுவதுடன் முடிந்துவிடுகிறது. ஏழாண்டு காத்திருந்தோர் வீடுசேரும் காட்சியைக் காணவில்லை எனச் சினந்தனர். காட்டப்படாத அதனைத் தாமே கதையாக எழுதிக்கொண்டோரும் உளர். அக்காட்சி ஏன் இன்றியமையாதது? பூமியே எல்லோர்க்கும் வீடு எனத் தொடர் கொள்கிறது. ஆயின் நவோமி கப்பலிலேயே பிறந்த சிறுமி. சிறுவயதிற் கவரப்பட்டு வேற்றினத்தாரிடை வளர்ந்த ‘செவன்’ பூமியை அறியாதவள். மாக்கியினரைக் காத்திருப்பது வரவேற்பா விலங்கா என்பதற்கு இறுதி அங்கம் விடை தரவில்லை. கப்பலில் உணவு சமைத்த நீலிக்ஸ் மாத்திரம், முடிவுக்குச் சற்று முன்னர்த் தன் இனத்தார் குடியேறிய இடமொன்றில் இறங்கி, தன் வீடு எதுவெனத் தானே தீர்மானிக்கிறான்.

வீடு எதுவெனத் தீர்மானிப்பவர் யார் என்னும் வினா கொழும்பில் வெறும் கற்பனையன்று. 2007 ஜூன் 7 ஆம் திகதி கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை, வெள்ளவத்தைப் பகுதிகளின் விடுதிகளிற் தங்கியிருந்த தமிழர் முந்நூற்றுக்கு மேற்பட்டோர், சொந்த ஊர் செல்லுமாறு பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அந்நடவடிக்கைக்கு இடைக்காலத் தடை விதித்தது. திரும்புதல் என்னும் சொல் எப்போதும் இனியதன்று என்பதை இந்நகர் அறியும். தாமாக விரும்பித் திரும்புதல் வேறு, பிறர் திருப்பி அனுப்புதல் வேறு. இவ்விரண்டையும் வேறுபடுத்தி நோக்காத கதை எத்துணைத் தொலைவு பயணிப்பினும் வீடு சேர்ந்ததாகாது.

ஆகவே, ‘வொயேஜர்’ தோல்வியுற்ற இடங்களை அதன் பார்வையாளர் சரியாகவே இனங்கண்டனர் எனலாம். அவர்கள் விமர்சகராகப் பயிற்சி பெற்றவரல்லர். எனினும், வரலாறு துடைக்கப்படுதலை ஏற்க மறுத்தனர். அம்மறுப்பே விமர்சனத்தின் தொடக்கம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருப்போர் இத்தகைய கதைகளை எவ்வாறு ஏற்கின்றனர், எவ்விடத்தில் நம்ப மறுக்கின்றனர் என்பதை வீடுவீடாகக் கேட்டுத் திரட்டுதல் நம் பல்கலைக்கழக மாணவர் மேற்கொள்ளத்தக்க ஆய்வாகும். அவ்வாறு திரட்டப்படும் எதிர்வினைகள் ஒரு தொடரின் குணதோஷங்களை மட்டுமன்றி, இந்நகரத் தமிழர் வீடு என்னும் சொல்லால் எதனைக் கருதுகின்றனர் என்பதையும் நமக்கு உணர்த்தும்.