கட்டுக்குலையாத வண்டிகள்

பழைய அமெரிக்கக் கார்களைக் கொண்டாடுகிறவர்களிடம் தனியாக ஒரு சிறு அகராதி இருக்கிறது. பெயின்ட் தொழிற்சாலையில் அடித்ததாகவே இருக்க வேண்டும். இருக்கைத் துணியை மாற்றியிருக்கக் கூடாது. ஓடிய மைல்கள் குறைவாக இருக்க வேண்டும். முதல் உரிமையாளரிடமிருந்து கைமாறாத வண்டி என்றால் விலை இன்னும் ஏறும். 'ஒரு வண்டி ஒருமுறைதான் அசலாக இருக்க முடியும்' என்பது அவர்களிடையே புழங்கும் சொலவடை. இந்தப் பாராட்டைத் தமிழில் சொல்ல முயன்றால் 'கட்டுக்குலையாமல் இருக்கிறது' என்பதுதான் முதலில் நாவில் வருகிறது. அடுத்து வருவது 'கைபடாதது'. இந்த இரண்டு சொற்களையும் நம் சமூகம் வழக்கமாக யாருக்காக வைத்திருக்கிறது என்பதை விளக்க வேண்டியதில்லை.

அந்த வண்டிகளின் அழகை நான் மறுக்கவில்லை. 1957ஆம் ஆண்டு செவ்ரோலே பெல் ஏரின் இரட்டை நிறமும் குரோமியப் பட்டையும் கண்ணை இழுக்கத்தான் செய்கின்றன. 1959ஆம் ஆண்டு காடிலாக்கின் வால்துடுப்புகளில் ஒரு துணிச்சல் இருக்கிறது. பிரச்சினை, அவற்றை வியப்பதற்கு நாம் பயன்படுத்தும் அளவுகோல். எவ்வளவு குறைவாக ஓடியதோ அவ்வளவு உயர்வு என்கிறது அது. ஓடுவதற்காகச் செய்யப்பட்ட ஒரு பொருளுக்கு இது விசித்திரமான அளவுகோல். பெண்களுக்கு இது புதிதல்ல.

அமெரிக்கப் பழைய கார் வியாபாரத்தில் ஒரு பாட்டி உண்டு. கலிபோர்னியாவின் பசடீனா நகரத்துப் பாட்டி. விற்பவர் சொல்வார்: இது ஒரு வயதான அம்மாவின் வண்டி, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போய்வர மட்டும்தான் எடுப்பார். வண்டி தேயவில்லை என்பதற்கு அந்த அம்மாவே சாட்சி. 1964இல் ஜான் அண்ட் டீன் என்ற இருவர் குழு அதே பாட்டியைத் தெருவில் பந்தயம் விடுகிறவளாக்கிப் பாடியது. பாட்டு பெரிய வெற்றி பெற்றது. வயதான பெண் வேகமாக வண்டி ஓட்டுவாள் என்பதே கேட்டவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. நம் ஊர் விளம்பரங்களில் 'டாக்டர் ஓட்டிய வண்டி' என்பது நற்சான்று. டாக்டர் எவ்வளவு ஓட்டினாலும் பொறுப்பாக ஓட்டியிருப்பார் என்று அதற்குப் பொருள். பசடீனா அம்மாவுக்குக் கிடைக்கும் சான்று வேறு. அவர் எங்கும் போகவில்லை என்பதுதான் அது. விதவையாக, தனியாக, தெருமுனையைத் தாண்டாமல் கழிந்த ஒரு வாழ்க்கை விற்பனைச் சீட்டில் ஒரு நற்குணமாக ஏறுகிறது.

ஐம்பதுகளின் கார் நிறுவனங்கள் பெண்களை எப்படிக் கற்பனை செய்தன என்பதற்கு ஒரு வண்டியே சாட்சி இருக்கிறது. கிரைஸ்லர் நிறுவனத்தின் டாட்ஜ் பிரிவு 1955இல் 'லா ஃபெம்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பிரெஞ்சு மொழியில் 'பெண்' என்று பொருள். கஸ்டம் ராயல் லான்சர் என்ற வழக்கமான மாடலுக்கு 143 டாலர் கூடுதலாகக் கொடுத்தால் அது லா ஃபெம் ஆகிவிடும். வெளியே இளஞ்சிவப்பும் வெள்ளையும். உள்ளே ரோஜா மொட்டுகள் நெய்த இருக்கைத் துணி. முன்னிருக்கையின் பின்புறத்தில் ஒரு தோள்பை, அதற்குள் உதட்டுச்சாய உறை, பவுடர் டப்பா, சிகரெட் டப்பா, லைட்டர். கூடவே இருக்கைத் துணிக்குப் பொருத்தமான மழைக்கோட்டு, தொப்பி, குடை. விளம்பரம் அமெரிக்கப் பெண்ணை மாட்சிமை தங்கிய அரசி என்றே விளித்தது. இன்ஜினிலோ பிரேக்கிலோ அரசிக்காக எதுவும் மாறவில்லை. அடுத்த ஆண்டு நிறம் இளமூதா ஆனது. அத்தோடு லா ஃபெம் நின்றது, அதை வாங்கியவர்கள் மிகக் குறைவு.

இன்று அதே வண்டி அரும்பொருள். குடையும் தோள்பையும் லிப்ஸ்டிக் உறையும் குலையாமல் கிடைத்துவிட்டால் சேகரிப்பாளர்களுக்குப் புதையல்தான். பெண்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய ஒரு கற்பனை, பெண்கள் அதைப் பயன்படுத்தாததாலேயே விலை உயர்ந்து நிற்கிறது. அந்தக் காலத்துப் பெண்கள் எதை விரும்பினார்கள் என்பதற்கு அதையே சான்றாகக் காட்டுகிறார்கள். பெண் கார் வாங்குவதில் உண்மையான தடை எங்கே இருந்தது என்று குடை சொல்லாது. கடன் கேட்டுப் போகும் பெண்ணிடம் கணவன் அல்லது தகப்பன் கையெழுத்தைக் கேட்பது அமெரிக்காவில் சாதாரணம். அந்தப் பாகுபாட்டைத் தடைசெய்த சமக் கடன் வாய்ப்புச் சட்டம் வந்தது 1974இல்.

வண்டிகளின் வெளித்தோற்றத்திலும் பெண் இருக்கிறாள், உறுப்பாக. அக்கால காடிலாக்கின் முன் பம்பரில் கூம்பு வடிவத்தில் இரண்டு குரோமியப் புடைப்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். வடிவமைத்தவர்கள் நினைத்தது பீரங்கிக் குண்டை. மக்கள் வைத்த பெயர் 'டாக்மர்'. அது அப்போதைய தொலைக்காட்சி நடிகை ஒருவரின் மேடைப்பெயர். அவரது மார்பகத்தை வைத்து வந்த பெயர் அது. இன்றும் வண்டி ரசிகர்கள் கூச்சமில்லாமல் அதையே பாகத்தின் பெயராகச் சொல்கிறார்கள். அந்த நடிகையின் நகைச்சுவைத் திறமையை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

உறுப்பாக நினைவில் நின்ற பெண்கள் உழைப்பாளிகளாக நிற்கவில்லை. நாஜிகள் ஆக்கிரமித்த பிரான்ஸிலிருந்து மகளோடு தப்பி வந்த ஹெலன் ரோதர், 1943இல் ஜெனரல் மோட்டார்ஸில் கார்களின் உட்புறத்தை வடிவமைக்கச் சேர்ந்தார். ஐம்பதுகளில் அதே நிறுவனத்தின் வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்ல் பல இளம்பெண்களை வேலைக்கு எடுத்தார். அவர்களுக்கு விளம்பரத்துறை சூட்டிய பெயர் 'வடிவமைப்புக் குமரிகள்' என்ற பொருளில் வரும். அந்தப் பெயரை அவர்கள் வெறுத்தார்கள். அவர்களில் ஒருவரான ரூத் கிளெனி, 1958இல் தான் வடிவமைத்த கார்வெட்டில் உள்ளிழுத்துக்கொள்ளும் சீட் பெல்ட்டை வைத்தார். புதிய கார்களில் சீட் பெல்ட் இருந்தே ஆக வேண்டும் என்று அமெரிக்க அரசு சொல்லப் பத்தாண்டுகள் ஆயின. ஏர்லுக்குப் பின் வந்த பில் மிட்சல், பெண்கள் தன் வடிவமைப்பாளர்களுக்குச் சமமாக நிற்பதை விரும்பாதவர். பெரும்பாலான பெண்கள் விலகிப்போனார்கள்.

தொழிற்சாலையிலும் இதே கதைதான். இரண்டாம் உலகப் போரின்போது டெட்ராய்ட்டில் ஆயுதமும் விமானமும் செய்த பெண்கள், ஆண்கள் திரும்பியதும் பெருமளவில் வெளியேற்றப்பட்டார்கள். மிஞ்சியவர்களுக்குப் பெரும்பாலும் கிடைத்தது துணி வெட்டித் தைக்கும் பிரிவு. கண்காட்சி நடுவர்கள் குனிந்து பார்த்து மதிப்பெண் போடுகிறார்களே, அந்த 'அசல் தையல்', அது பெரும்பாலும் இந்தப் பெண்கள் தைத்தது. தையலுக்கு மதிப்பெண் உண்டு. தைத்தவளைப் பற்றி எந்தக் குறிப்பும் இல்லை.

லா ஃபெம் விற்பனைக்கு வந்த அதே 1955இல், டிசம்பர் 1ஆம் தேதி, அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரியில் ரோசா பார்க்ஸ் கைதானார். அன்றிரவே ஆயிரக்கணக்கில் துண்டறிக்கை அச்சடித்துப் பேருந்துப் புறக்கணிப்பைத் தொடங்கிவைத்தவர், கறுப்பினப் பெண்களின் அரசியல் மன்றத் தலைவி ஜோ ஆன் ராபின்சன், கல்லூரி ஆங்கில ஆசிரியை. புறக்கணிப்பு 381 நாள் நடந்தது. பேருந்தில் போகாமல் வேலைக்குப் போக வழி வேண்டும். பேருந்தை நம்பியிருந்தவர்களில் பெரும்பகுதி வெள்ளையர் வீடுகளில் சமைத்தும் துவைத்தும் வந்த கறுப்பினப் பெண்கள். அவர்களுக்காகச் சுமார் 300 கார்கள் நகரத்தில் ஓடின. ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரப் பெண், தோழிகளோடு கோழிப்பொரியலும் கேக்கும் விற்றுப் பெட்ரோலுக்குப் பணம் சேர்த்தார். தேவாலயங்களின் பெயரில் வாங்கிய வண்டிகளுக்குக் காப்பீட்டை ரத்து செய்து பார்த்தார்கள். லண்டனிலிருந்து காப்பீடு வந்தது. வெள்ளைக்கார வீட்டம்மாக்கள் பலர் தங்கள் வேலைக்காரப் பெண்களைத் தாங்களே காரில் கூட்டிவந்தார்கள். மேயர் அதைக் கண்டித்தார். அவர்கள் நிறுத்தவில்லை. நிறவெறியை எதிர்த்தவர்கள் அவர்களில் சிலர்தான். மற்றவர்களுக்குத் தங்கள் வீட்டு வேலை நடக்க வேண்டியிருந்தது.

ராபின்சனும் தினமும் தன் காரில் ஆட்களை ஏற்றி இறக்கினார். போலீஸ் அபராதச் சீட்டுகளாக எழுதித் தள்ளியது. ஒருநாள் இரவு, சீருடையில் வந்த போலீஸ்காரர்கள் அவர் வண்டியின் மேல் அமிலத்தை ஊற்றினார்கள் என்று 1987இல் வெளியான தன் நினைவு நூலில் எழுதியிருக்கிறார். கூரையிலும் பானெட்டிலும் பக்கங்களிலும் ஓட்டை விழுந்தது. அது ஒரு கிரைஸ்லர் கார், லா ஃபெம்மைச் செய்த அதே நிறுவனத்தினுடையது. அவர் அதை மாற்றவில்லை. 1960இல் மான்ட்கோமரியை விட்டுப் போகும்வரை ஓட்டினார். உலகத்திலேயே அழகான கார் தனக்கு அதுதான் ஆகிவிட்டது என்கிறார்.

எனக்கு இந்த இடம்தான் முக்கியம். அழகு என்ற சொல்லை ராபின்சன் கைவிடவில்லை. வண்டியை நேசிப்பது ஆண்களின் அற்பப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கவும் இல்லை. தன் வண்டியை அவர் முழு மனதோடு நேசித்தார், அதன் ஓட்டைகளோடு. அந்த அழகு அது போன இடங்களாலும் ஏற்றிய ஆட்களாலும் வந்தது. 'அசல் நிலை'க்குப் பரிசு தரும் கண்காட்சியில் அந்தக் காருக்கு இடமில்லை. ஓட்டையை அடைத்துப் பெயின்ட் அடித்தால்தான் உள்ளே விடுவார்கள். அப்படிச் செய்தால் அதன் வரலாறே போய்விடும்.

பழைய பொருளைப் பாதுகாப்பது வீண்வேலை என்று நான் சொல்லவில்லை. எழுபது வருடத் துணியை மங்காமல் காப்பதும் துருவைத் தடுப்பதும் உழைப்புதான். ஆனால் எதைக் காப்பது என்று முடிவெடுக்கும்போதே, யாருடைய கதை நிலைக்கும் என்பதும் முடிவாகிவிடுகிறது. ஏக்கத்தோடு பேசப்படும் 'அந்தப் பொற்காலத்தில்' கறுப்பினத்தவர் எந்த ஊரில் தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று பார்ப்பதற்கே தனிக் கையேடு வைத்துக்கொண்டுதான் பயணம் போனார்கள். விக்டர் ஹியூகோ கிரீன் 1936இல் தொடங்கிய அந்தக் கையேடு அறுபதுகளின் நடுப்பகுதிவரை தேவைப்பட்டது. மினுங்கும் குரோமியத்தில் இந்தப் பயம் தெரிவதில்லை.

பழைய கார் ஒன்றைப் பற்றி இனி யாராவது வியந்து பேசினால், மைல் கணக்கைச் சொல்லி முடித்த பிறகு நாம் கேட்கச் சில கேள்விகள் உண்டு. இதை ஓட்டியது யார்? ஓட்டத் தெரிந்தும் சாவி கிடைக்காமல் இருந்தவள் யார்? பின்னிருக்கையில் உட்கார்ந்து யார் யார் எங்கே போனார்கள்? இருக்கையின் தேய்மானமும் கதவுப்பிடியில் போன பூச்சும் அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லக்கூடியவை. தேய்ந்த வண்டிகளையும் சிலர் பாதுகாக்க வேண்டும், தேய்ந்தபடியே.