பொதுப்படைப்பும் பெயருரிமையும்

பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பகுத்தார் நன்னூலார். பலர் கூடி ஆக்கித் திறந்த மூலமாக வழங்கும் கணினிப் பணிசெயல் முறைமைகளின் பெயர்களை ஆராயப் புகுவார்க்கு இப்பாகுபாடு மட்டும் போதாது. பெயர் எதனால் வந்தது என்பதோடு, அது யாருக்கு உரியது என்பதும் ஈண்டு வினாவாகின்றது. இத்தகைய படைப்பின் மூலநிரலை எவரும் எடுக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். பெயரையோ அவ்வாறு எடுத்தாளல் இயலாது. அது பெரும்பாலும் வணிகக் குறியாக ஒருவர்க்கோ ஒரு நிறுவனத்துக்கோ உரிமையாய் நிற்கும். பொதுவுடைமையான வீட்டின் வாயிற்படி மட்டும் தனியுடைமையாய் இருத்தலை ஒக்கும் இது.

1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் தோர்வால்ட்ஸ் தம் ஆக்கத்துக்கு 'ஃபிரீயாக்ஸ்' என்று பெயரிடவே எண்ணியிருந்தார். அதனை வழங்கியில் இட்ட அரி லெம்கே என்பார், அதற்குரிய கோப்பகத்துக்கு 'லினக்ஸ்' என்று தாமே பெயர் சூட்டிவிட்டார். ஆக்கியோன் பெயரால் அமைந்த அச்சொல் நிலைத்தது. உலகத்தார் நாவுக்கு அது நன்மையே. 1993இல் இயன் மர்டொக், டெப்ரா என்னும் தம் காதலியின் பெயரையும் தம் பெயரையும் இணைத்து 'டெபியன்' எனப் பெயரிட்டார். இவ்விரண்டும் காரணப் பெயர்களே. ஆயினும், காரணம் அறியாத கோடிக்கணக்கானோர்க்கு இன்று இடுகுறிகளாகிவிட்டன.

மாறாக, பொருளை முன்னிறுத்தும் பெயர்கள் ஐயத்துக்கு இடமாவன. தென்னாபிரிக்காவின் சூலு, சோசா மொழிகளில் பிறரோடு இயைந்த மனிதத்தன்மையைக் குறிப்பது 'உபுண்டு'. 2004இல் வெளிவந்த அம்முறைமையின் பெயருரிமை கனோனிக்கல் என்னும் நிறுவனத்தினது. 'சென்ட்ஓஎஸ்' என்பதன் விரிவிலோ 'சமுதாயம்' என்ற சொல்லே முதலில் நின்றது. 2014இல் அத்திட்டத்தைத் தன்பால் சேர்த்துக்கொண்ட ரெட்ஹட் நிறுவனம், அதன் எட்டாம் பதிப்பு 2021இன் இறுதியோடு நிறுத்தப்படும் என 2020 டிசம்பரில் அறிவித்தது. பெயரிலிருந்த சமுதாயம் அம்முடிவைத் தடுக்கவில்லை. நிரலை எடுத்துச் சென்றோர் பெயரை விட்டுச்செல்ல வேண்டியதாயிற்று. அவ்வாறு எழுந்தவற்றுள் 'அல்மா' என்பது ஸ்பானிய மொழியில் ஆன்மாவைக் குறிக்கும். இனியதே, ஆயினும் எதற்கும் பொருந்தக்கூடியது. சென்ட்ஓஎஸின் தொடக்குநருள் ஒருவரான மறைந்த ரொக்கி மக்கோ நினைவாக அமைந்த 'ரொக்கி'யே மேலானது. அது வீழ்ந்தார்க்கு நட்ட நடுகல் போன்றது.

இலங்கையில் இவ்வினா இரு மொழியார் முன் நிற்பது. 'தப்ரோபேன்' என்று பெயர்பெற்ற லினக்ஸ் தொகுப்பு, இத்தீவுக்குக் கிரேக்கர் வழங்கிய பெயரைக் கொண்டது. ஒருவர்க்கும் தாய்மொழி அல்லாத சொல்லால் பிணக்கைத் தவிர்க்கலாம், உறவைப் பெறலாகாது. பெடோராவை அடியாகக் கொண்ட 'ஹந்தான', பேராதனைப் பல்கலைக்கழகத்தை அடுத்து நிற்கும் மலையின் பெயர் தாங்கியது. நிலத்தை ஒட்டிய அப்பெயர் இதனினும் சிறந்தது.

பணிசெயல் முறைமை அன்றெனினும் இவ்வினத்ததாகிய 'சஹானா'வே இங்கு உரைகல்லாகத் தக்கது. 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கிய பின், அனர்த்த நிவாரணத்தை ஒழுங்குசெய்ய இலங்கைத் தன்னார்வலர் ஆக்கிய கட்டற்ற மென்பொருள் அது. 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் பயன்பட்டது. சிங்களத்தில் அச்சொல்லுக்குத் துயர்தணிப்பு என்பது பொருள். தமிழ்ச் செவிக்கோ, அதே வடமொழி வேரினின்று வந்த 'சகித்தல்' முன்வரும். இசை பயின்றார்க்கு ஓர் இராகம் நினைவுக்கு வரும். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது என முனையாலும் மரத்தாலும் பெயர்பெற்ற ஊர்களை உடையது அம்பாறைக் கரையோரம். அப்பெயர்களை எவரும் வணிகக் குறியாகப் பதிந்துகொண்டதில்லை. அங்கு உறவினரைக் கடலுக்குக் கொடுத்த ஒருவர் 'சஹானா' என்பதைத் தணிப்பு என்று கேட்பாரா, பொறுத்தல் என்று கேட்பாரா என்பதைப் பெயரிட்டவர் வரையறுத்தல் இயலாது.