கண்காணியும் ஊழியக்காரரும்: கிறிஸ்தவத் தலைமைக் கல்வியில் தமிழ்ச் சொற்களின் இடம்

இந்தியாவில் இறையியலைப் பட்டக் கல்வியாகப் பயிற்றும் மரபு இரு டேனியக் குடியேற்றங்களோடு தொடர்புடையது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1716இல் உபதேசியார்களுக்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அம்மரபில் உபதேசியாராகப் பணியாற்றிய ஆரோன் 1733இல் குருப்பட்டம் பெற்றார். மற்றொன்று வங்காளத்துச் செராம்பூர். அங்கு கேரி, மார்ஷ்மன், வார்டு ஆகியோர் 1818இல் நிறுவிய கல்லூரிக்கு 1827இல் டென்மார்க் மன்னர் பட்டமளிக்கும் உரிமை வழங்கினார். 1918ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வுரிமையை உறுதி செய்தது. இன்று நாடெங்கும் பல இறையியல் கல்லூரிகள் செராம்பூர் ஆட்சிப்பேரவையின் கீழ் இளநிலை, முதுநிலை, முனைவர் பட்டங்களுக்கு மாணவரை ஆயத்தம் செய்கின்றன. இவ்வமைப்புக்கு வெளியே, அமெரிக்க இறையியல் பள்ளிகளின் செல்வாக்கால், ‘கிறிஸ்தவத் தலைமைத்துவம்’ என்பது தனி முதுநிலைப் படிப்பாகவும் உருப்பெற்றுள்ளது. இப்படிப்பில் தமிழ்க் கிறிஸ்தவ வழக்கின் தலைமைச் சொற்கள் ஆய்வுப்பொருளாகக் கொள்ளப்படாமையே ஈண்டு ஆராயப்பெறுகிறது.

முதலில் அப்படிப்பின் பெயரையே நோக்கலாம். ‘தலைமை’ என்பதிலேயே ‘மை’ விகுதி பண்பை உணர்த்திவிடுகிறது. அதன்மேல் ‘த்துவம்’ என்னும் வடமொழி விகுதியும் ஏறியிருப்பது மிகை. ‘பொறுமைத்துவம்’, ‘அருமைத்துவம்’ என யாரும் வழங்குவதில்லை. எனினும் இதனை இலக்கணப் பிழையெனத் தள்ளிவிடுவது போதாது. தலைமை என்னும் சொல்லில் உறவும் ஊரும் குலமும் கலந்திருக்கின்றன. தலைமைத்துவம் என்பதோ அவற்றிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, வகுப்பறையில் கற்றுக்கொள்ளத்தக்க திறனாகத் தோற்றம் தருகிறது. மிகை விகுதி இவ்வாறு ஒரு கருத்தியல் வேலையைச் செய்கிறது. ‘உன் ஊரில் தலைமை யாருடையது?’ என்ற வினா மாணவரைச் சாதி, நிலம், கோயில் மரியாதை ஆகியவற்றிடம் இட்டுச் செல்லும். ‘உன் தலைமைத்துவப் பாணி யாது?’ என்ற வினாவோ அவரை அவருக்குள்ளேயே நிறுத்திவிடும்.

இப்படிப்பில் பெரிதும் எடுத்தாளப்படும் கருத்து ‘பணிவிடைத் தலைமை’ என்பதாகும். இன்று வழங்கும் வடிவில் இதனைப் பரப்பியவர் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமொன்றில் நெடுங்காலம் பணியாற்றிய ராபர்ட் கிரீன்லீஃப். 1970இல் அவர் வெளியிட்ட கட்டுரைக்குத் தூண்டுதலாக அமைந்தது ஹெர்மன் ஹெஸ்ஸேயின் புதினத்தில் வரும் ஒரு பணியாள் பாத்திரம். ஒரு புதினத்திலிருந்து எழுந்து, வணிக மேலாண்மையில் வளர்ந்து, அங்கிருந்து திருச்சபைக்குள் நுழைந்த கருத்து இது. நுழைந்ததில் தவறில்லை. ஆனால் மாற்கு நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தைத் தமிழில் தலைமுறை தலைமுறையாகப் படித்துவரும் ஒரு சமூகம், அதே கருத்தை ஆங்கிலக் கையேட்டிலிருந்து புதிதெனக் கற்பது வியப்புக்குரியது.

அவ்வதிகாரத்தில் இரு கிரேக்கச் சொற்கள் அடுத்தடுத்து வருகின்றன. 1871இல் நிறைவுற்ற, பவர் முதலியோரின் திருப்புதல் ‘டியாகொனொஸ்’ என்பதனைப் பணிவிடைக்காரன் என்றும், ‘டூலொஸ்’ என்பதனை ஊழியக்காரன் என்றும் பெயர்க்கிறது. பின்னது அடிமையைக் குறிக்கும் சொல். இன்றைய வாசகர்க்கு ஊழியக்காரன் என்னும் பெயர்ப்பு கடுமையைக் குறைத்ததாகத் தோன்றக்கூடும். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தென் திருவிதாங்கூரில் ‘ஊழியம்’ என்பது ஒடுக்கப்பட்ட சாதியாரிடம் கூலியின்றி வாங்கப்பட்ட கட்டாய வேலையின் பெயர். கிறிஸ்தவர்களை ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்து விலக்கவேண்டும் என்பது அங்கு மிஷனரிகள் அரசிடம் வைத்த கோரிக்கைகளுள் ஒன்று. அவ்வூழியத்தைச் செய்து முதுகு வளைந்தவர் ஒருவர், முதன்மையானவன் ஊழியக்காரனாக இருக்கவேண்டும் எனக் கேட்டபோது, அச்சொல் அவர் காதில் எவ்வாறு ஒலித்திருக்கும்? எந்தக் கையேடும் தரவியலாத உரை அது.

அச்சொல்லின் பிற்கால வரலாறு இதற்கு நேர்மாறானது. இன்று ‘ஊழியக்காரர்’ என்பது மேடையில் அமர்பவரின் சிறப்புப் பெயர். ‘அவர் பெரிய ஊழியக்காரர்’ என்னும் தொடரிலுள்ள முரண் யாருக்கும் உறைப்பதில்லை. கட்டாய உழைப்பின் பெயர் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டில் மதிப்புப் பட்டமாயிற்று. கிறிஸ்தவத் தலைமையில் முதுநிலை ஆய்வு செய்வோர்க்கு இதனினும் பொருத்தமான தலைப்பு எளிதில் வாய்ப்பதன்று.

‘கண்காணி’ என்னும் சொல் இதனினும் சிக்கலானது. ‘எபிஸ்கொபொஸ்’ என்பதற்கு அத்திருப்புதல் பிலிப்பியர், தீமோத்தேயு, தீத்து நிருபங்களில் இச்சொல்லையே ஆள்கிறது. மேலிருந்து பார்ப்பவர் என்னும் வேர்ப்பொருளுக்கு மிக நெருங்கிய தமிழ்ச்சொல் இதுவே. சோழர் கல்வெட்டுகளில் கண்காணி என்பது கோயிற் காரியங்களை மேற்பார்ப்போரின் பெயர். திருமூலரோ இறைவனையே கண்காணியாகக் கண்டார். இத்தகைய வேர்கள் உடைய சொல், அத்திருப்புதல் உருவான அதே காலத்தில், இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கு ஆள் திரட்டி அழைத்துச் சென்று, முன்பணக் கடனில் பிணித்து, வேலை வாங்கியவரின் பெயராகவும் வழங்கியது. பின்னர் மலாயா ரப்பர்த் தோட்டங்களிலும் அதே பெயர் வழங்கியது. ஆகவே தோட்டத்துக் கிறிஸ்தவர், சபைத் தலைவர்க்குரிய இலக்கணத்தைத் தம் லயத்தின் கண்காணியை மனத்திற்கொண்டே கேட்டிருத்தல் கூடும். மதுபானப் பிரியனாகவும் அடிக்கிறவனாகவும் இருத்தலாகாது என்னும் நிபந்தனைகள் அவர்க்கு வெறும் அறவுரையாக இருந்திரா. பேராயர் பதவிக்கு இச்சொல் வழக்கில் நிலைபெறவில்லை. அத்தியட்சர், பேராயர் என்னும் சொற்களே நிலைத்தன. தோட்டத்து நிழல் இதற்குக் காரணமா, அன்றி மதிப்பு நாட்டமா என்பது ஆராயற்பாலது.

கத்தோலிக்கரும் பிற சபையினரும் இணைந்து 1995இல் வெளியிட்ட திருவிவிலியம் இச்சொற்களைப் பெரிதும் மாற்றியது. கண்காணி ‘சபைக் கண்காணிப்பாளர்’ ஆனார். உதவிக்காரர் ‘திருத்தொண்டர்’ ஆனார். முன்னது அலுவலக வாடை உடையது. பின்னது சேக்கிழாரின் நூற்பெயரை நினைவூட்டும் அரிய தேர்வு. சைவ மரபின் தொண்டர் என்பதில் சாதி கடந்த அடியார் கூட்டம் என்னும் பொருள் உண்டு. எனினும் இருபதாம் நூற்றாண்டு அரசியல் மேடை ‘தலைவர் – தொண்டர்’ என்ற இணையை ஆள்வோர்க்கும் பின்தொடர்வோர்க்கும் உரியதாக்கிவிட்டது. தலைவரே தொண்டராதல் வேண்டும் என்னும் மாற்கின் தலைகீழாக்கம் இவ்விணையோடு மோதும்போதுதான் கூர்மை பெறும். அம்மோதலை நிகழ்த்திக் காட்டுவது ஆசிரியரின் பொறுப்பு.

எபிரேயர் நிருபத்தின் இறுதி அதிகாரத்தில் ஒரு மாற்றம் கவலைக்குரியது. பழைய திருப்புதலில் அங்கு ‘நடத்தினவர்கள்’, ‘நடத்துகிறவர்கள்’ என வினையாலணையும் பெயர்கள் வருகின்றன. புதிய பெயர்ப்பில் அவ்விடங்களில் ‘தலைவர்கள்’ என்றே உள்ளது. செயல் இருக்கும்வரை மட்டுமே நிற்பது வினையாலணையும் பெயர். பதவிப்பெயர்க்கு அத்தகைய கட்டுப்பாடு இல்லை. பழைய திருப்புதலும் லூக்காவில் இதே கிரேக்கச் சொல்லைத் தலைவன் என்றே பெயர்த்துள்ளது என்பது உண்மை. ஆனால் அங்குத் தலைவன் பணிவிடைக்காரனோடு ஒப்பிடப்பட்டே வருகிறான், தனித்து நிற்பதில்லை.

சொல்லாய்விலிருந்து வரலாற்றுக்குச் செல்லும்போது வே. ச. அசரியாவின் வாழ்வு முன்னிற்கிறது. வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்து, 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானவர் அவர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்றும் பட்டம் பெறாமலே வெளியேறியவர். தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லில் மாலா, மாதிகா சமூகத்தாரிடையே பணியாற்றி, அவர்களிலிருந்தே சிற்றூர் ஆசிரியரையும் குருமாரையும் உருவாக்கினார். 1910இல் எடின்பரோ மாநாட்டில் மேலைநாட்டாரிடம் அவர் வேண்டியது நட்பையே. அவ்வுரை இந்தியத் திருச்சபை வரலாற்றில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. ஆனால் நெல்லைத் தமிழர் ஒருவர் வேற்றுமொழி மக்களிடையே தலைமையை வளர்த்தெடுத்த முறை அதே அளவு பேசப்படுவதில்லை. சூசன் பில்லிங்டன் ஹார்ப்பர் 2000இல் வெளியிட்ட விரிவான வரலாறு ஆங்கிலத்தில் உள்ளது. அதற்கு நிகரான தமிழ் ஆய்வொன்று வரவேண்டியுள்ளது.

உயர்கல்விக்கு ஆங்கிலமே ஏற்றது என்போர் கூற்றில் நியாயம் இல்லாமலில்லை. மிசோரம், நாகாலாந்து, கேரளம், ஆந்திரம் ஆகிய இடங்களிலிருந்து வரும் மாணவர் ஒரே வகுப்பில் அமர்வதற்குப் பொதுமொழி வேண்டும். ஆனால் பயிற்றுமொழி ஆங்கிலமாக இருப்பதும், ஆய்வுக்குரிய மூலங்கள் ஆங்கிலத்தில் மட்டுமே இருப்பதும் ஒன்றல்ல. மிசோ மாணவர் தம் மொழியின் தலைமைச் சொற்களையும் தமிழ் மாணவர் தம் சொற்களையும் அவ்வகுப்பிற்குக் கொண்டுவரலாம். அப்போதுதான் பல மொழியினர் கூடுவதற்குப் பயன் உண்டாகும். சாயர்புரத்தில் 1853இல் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை தமிழாசிரியராக அமர்ந்தபோது அவர் கிறிஸ்தவரல்லர். அக்காலக் கிறிஸ்தவக் கல்விக்கூடங்கள் தமிழ்ப் புலமையை வெளியிலிருந்தும் வரவேற்றன. இன்றைய தலைமைப் படிப்பில் தமிழ்த் துறைகளுக்கு அத்தகைய இடம் எதுவும் ஒதுக்கப்படவில்லை.

1969இல் மதுரையில் தோன்றிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி இவ்விடைவெளியை ஓரளவு நிரப்ப முயன்றது. அங்குப் பணியாற்றிய தியாப்பிலஸ் அப்பாவு, ‘பரட்டை’ என்னும் பெயரில் நாட்டார் மெட்டுகளில் வழிபாட்டுப் பாடல்களை அமைத்தார். 2005இல் அவர் மறைந்தார். எல்லாரும் கொண்டுவந்ததை ஒரே உலையில் இட்டுச் சமைத்து, சாதி பாராது கூடி உண்ணுதல் அவர் இறையியலின் நடுக்கருத்து. அவரை இசைக் கலைஞராகவும் தலித் இறையியலாளராகவும் கருதும் ஆய்வுகள் வந்துள்ளன. உலையில் யார் அரிசி இடுவது, யார் கிளறுவது, யார் முதலில் உண்பது என்னும் வினாக்கள் தலைமை பற்றியவை. அவற்றை அந்நிலையில் வைத்துப் படிப்பதற்கு முதுநிலைப் பாடத்திட்டத்தில் ஒரு தாள் போதும்.