சனிக்கிழமை சாப்பாடு: டான் கிஹோத்தேயின் தட்டில் ஆறு மொழிபெயர்ப்புகள்

சில வருஷங்களுக்கு முன், மெக்ஸிகோவிலிருந்த ஒரு வாடிக்கையாளர் எங்கள் டீமுக்கு ஒரு புகார் அனுப்பினார். ஸ்பானிஷில் இருந்ததை யாரோ அவசரமாக ஆங்கிலத்துக்கு மாற்றிக் கொடுத்தார்கள். 'சர்வீஸ் ஈவென்சுவலாக க்ராஷ் ஆகிறது' என்று இருந்தது. ஆங்கிலத்தில் ஈவென்சுவலி என்றால் கடைசியில், போகப்போக. அப்படின்னா மெமரி லீக்தான் என்று முடிவுகட்டி மூன்று நாள் தேடினோம். ஒண்ணும் கிடைக்கலை. அப்புறம்தான் தெரிந்தது, ஸ்பானிஷில் 'எவெந்துவால்மெந்தே' என்றால் 'எப்போதாவது' என்று. கோளாறு வேறெங்கோ ஒரு டைம்அவுட்டில் இருந்தது.

இந்த மாதிரி சொற்களுக்குப் 'போலி நண்பர்கள்' என்று பெயர். 'ஆக்துவால்மெந்தே' என்றால் 'தற்போது'. ஆங்கில ஆக்சுவலி இல்லை. 'எம்பராசாதா' என்றால் கர்ப்பிணி, வெட்கப்பட்டவள் இல்லை. பட்டியல் போட்டு மனப்பாடம் செய்துவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம். அந்த மூன்று நாள் எரிச்சலில்தான் நான் ஸ்பானிஷ் கற்க ஆரம்பித்தேன். மெதுவாக, அகராதியும் கையுமாக, செர்வாந்தேஸின் 'டான் கிஹோத்தே'வை ஆங்கில மொழிபெயர்ப்புகளோடு பக்கத்தில் வைத்துப் படித்துவருகிறேன். அதில் முதல் பக்கத்திலேயே வேறு வகையான சிக்கல் ஒன்றில் மாட்டிக்கொண்டேன். அங்கே ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் மொழிபெயர்ப்பு நிற்க மாட்டேன் என்கிறது.

நாவல் 1605-ல் வெளிவந்தது. தொடக்கத்தில் கதாநாயகன் வாரம் முழுக்க என்ன சாப்பிடுகிறான் என்று ஒரு மெனு வருகிறது. வருமானத்தில் முக்கால்வாசி சாப்பாட்டுக்கே போய்விடும் அளவுக்கு நொடித்துப்போன குடும்பம். வெள்ளிக்கிழமை பருப்பு. ஞாயிற்றுக்கிழமை விசேஷமாக ஒரு புறா. நடுவில் சனிக்கிழமைக்கு, 'துவேலோஸ் இ கெப்ராந்தோஸ்'. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'துக்கங்களும் உடைவுகளும்'.

இது ஒரு உணவின் பெயர். லா மான்சா பகுதி ஓட்டல்களில் முட்டை, பன்றிக்கொழுப்பு, சொரிசோ எல்லாம் சேர்த்துக் கிளறி இன்றைக்கும் இதே பெயரில் பரிமாறுகிறார்கள். ஸ்பானிஷ் அகாதமியின் 1732 அகராதித் தொகுதியோ, முட்டையும் மூளையும் சேர்ந்த ஆம்லெட் என்கிறது. தட்டில் என்ன இருந்தது என்பதிலேயே தகராறு. ஏன் இந்தப் பெயர் என்பதில் இன்னும் பெரிய தகராறு.

ஆறு மொழிபெயர்ப்பாளர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம்.

முதல் ஆங்கில மொழிபெயர்ப்பு தாமஸ் ஷெல்டனுடையது, 1612. செர்வாந்தேஸ் உயிரோடு இருந்த காலம். அவர் பன்றி இறைச்சித் துண்டும் முட்டையும் என்று நேராகப் போட்டுவிட்டார். சுமார் 1700-ல் வந்த பீட்டர் மொட்டோ பதிப்பில் உணவே இல்லை. துக்கமும் முனகலும் என்ற பொருளில், ஒரே எழுத்தில் தொடங்கும் இரண்டு சொற்கள். 1742-ல் சார்ல்ஸ் ஜார்விஸ் வெறும் ஆம்லெட் என்றார். 1755-ல் டொபையஸ் ஸ்மாலெட் வயிற்றுக்கடுப்பும் புலம்பலும் என்று மாற்றினார். அவர் கப்பலில் அறுவைசிகிச்சை மருத்துவரின் உதவியாளராக வேலை பார்த்தவர், வயிற்றைப் பற்றித்தானே யோசிப்பார்! முந்தைய மொழிபெயர்ப்பாளர்களைக் கிண்டலடித்து இதற்கு ஒரு அடிக்குறிப்பும் எழுதினார். 1885-ல் ஜான் ஓர்ம்ஸ்பி மிச்சம் மீதித் துண்டுகள் என்றார். 2003-ல் ஈடித் கிராஸ்மன் முட்டையும் விரதமும் என்ற பொருளில் எழுதினார்.

ஆக, தட்டைக் கொடுத்தவர்கள் பெயரை விட்டார்கள். பெயரைக் கொடுத்தவர்கள் தட்டை விட்டார்கள்.

'ஒரு வாரச் சாப்பாட்டு லிஸ்டில் ஒரு ஐட்டம், இதுக்குப்போய் இவ்வளவா?' என்று கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் கடந்து போனேன். ஒன்பதாவது அத்தியாயம் வந்ததும்தான் திரும்பி வந்து பார்க்க வேண்டியதாயிற்று.

அதற்குக் கொஞ்சம் வரலாறு வேண்டும். 1492-ல் ஸ்பெயினின் யூதர்களுக்கு உத்தரவு: மதம் மாறு, இல்லையென்றால் நாட்டை விட்டுப் போ. 1502-ல் காஸ்தீல் பகுதி முஸ்லிம்களுக்கும் அதே நிலை. அப்படி மாற்றப்பட்ட முஸ்லிம்களையும் அவர்கள் சந்ததியையும் 'மொரிஸ்கோ' என்றார்கள். மாறியபின்னும் சந்தேகம் விடவில்லை. பன்றிக்கறி சாப்பிட மறுப்பது இன்குவிசிஷன் விசாரணையில் ஒருவருக்கு எதிரான தடயமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. சனிக்கிழமையோ யூதர்களின் ஓய்வுநாள். அன்றைக்குப் பன்றிக்கொழுப்பும் முட்டையும், அதற்குப் பெயர் துக்கங்களும் உடைவுகளும்! தங்கள் சட்டத்தை உடைத்துச் சாப்பிட வேண்டியிருந்தவர்களின் துக்கம்தான் இந்தப் பெயரில் இருக்கிறது என்று ஒரு விளக்கம் உண்டு.

இது முடிந்த முடிவு இல்லை. மேய்ச்சலில் விபத்தில் செத்த ஆடுகளின் எலும்பை உடைத்துச் சமைத்ததால், ஆடு போன துக்கத்தால் வந்த பெயர் என்றும் சொல்வார்கள். தவிர, காஸ்தீலில் சனிக்கிழமை அரைவிரத நாள். தலை, கால், குடல் போன்றவை மட்டும் சாப்பிடலாம் என்ற வழக்கம் இருந்தது. ஓர்ம்ஸ்பியின் 'மிச்சம் மீதி'க்கும் கிராஸ்மனின் 'விரத'த்துக்கும் இந்த வழக்கம் பொருந்தி வருகிறது. தவறு என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் ஒன்பதாம் அத்தியாயத்தைப் பாருங்கள். டொலேடோ கடைத்தெருவில் கதைசொல்லிக்கு அரபியில் எழுதிய சில நோட்டுகள் கிடைக்கின்றன. படித்துச் சொல்ல ஒரு மொரிஸ்கோவைப் பிடிக்கிறான். அவன் படித்ததும் சிரிக்கிறான். ஏனென்றால் ஓரத்தில் ஒரு குறிப்பு: டுல்சினேயா, லா மான்சாவிலேயே பன்றிக்கறிக்கு உப்புப்போடுவதில் கெட்டிக்காரி என்று. அவள் ஊரான எல் டொபோசோ, மொரிஸ்கோக்கள் நிறைய வாழ்ந்த ஊர். அந்த நோட்டுகள்தான் டான் கிஹோத்தேயின் கதை. உலர்திராட்சையும் கோதுமையும் கூலியாகப் பெற்றுக்கொண்டு அந்த மொரிஸ்கோ ஒன்றரை மாதத்துக்குச் சற்று அதிகமான நாளில் மொழிபெயர்த்துத் தருகிறான். அதாவது, நாம் படிக்கும் நாவலே ஒரு மொரிஸ்கோவின் மொழிபெயர்ப்பு என்பது செர்வாந்தேஸின் விளையாட்டு.

1609-லிருந்து 1614-க்குள் சுமார் 3 லட்சம் மொரிஸ்கோக்கள் ஸ்பெயினை விட்டுத் துரத்தப்பட்டார்கள். நாவலின் இரண்டாம் பாகம் வந்தது 1615-ல். அதில் சாஞ்சோவின் பழைய பக்கத்துவீட்டுக்காரன் ரிகோத்தே, துரத்தப்பட்ட மொரிஸ்கோ, மாறுவேஷத்தில் திரும்பி வருகிறான்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் சனிக்கிழமைத் தட்டு சும்மா ஒரு தட்டு இல்லை. யார் எதைச் சாப்பிடுகிறார்கள் என்று அண்டை வீட்டார் எட்டிப்பார்த்த தேசத்தில், முதல் பக்கத்திலேயே வைத்த தட்டு. ஜார்விஸின் ஆம்லெட்டைப் படித்தவருக்கு இந்த இழை கையில் சிக்கவே சிக்காது.

எனக்குக் கிராஸ்மனோடுதான் அதிகச் சண்டை. ஆனால் ஆங்கிலத்தில் டான் கிஹோத்தே படிக்க வேண்டும் என்று யாராவது கேட்டால், அவருடைய பதிப்பைத்தான் சொல்வேன். அவ்வளவு ஓட்டமான உரைநடை. இங்கே அந்த ஓட்டம்தான் பிரச்சினை. விரதம் என்பது நாமாக எடுத்துக்கொள்வது. துக்கமும் உடைவும் யாரோ நம்மேல் சுமத்துவது. மூலத்தில் இருந்த வலி, மொழிபெயர்ப்பில் பக்தியாக மாறிவிட்டது.

என்னைக் கேட்டால், துக்கங்களும் உடைவுகளும் என்று அப்படியே சாப்பாட்டு லிஸ்டுக்குள் விட்டுவிடலாம். பருப்புக்கும் புறாவுக்கும் நடுவில் அது துருத்திக்கொண்டு நிற்கட்டும். மொட்டோ கிட்டத்தட்ட அங்கே போனார், ஆனால் சத்த விளையாட்டு அதை வேடிக்கையாக்கிவிட்டது. இன்றைய ஸ்பானிஷ் வாசகருக்கே இந்தப் பெயருக்கு அடிக்குறிப்பு தேவைப்படுகிறது. அவர் தடுக்கி நிற்கும் இடத்தில் ஆங்கில வாசகர் மட்டும் ஏன் வழுக்கிக்கொண்டு போக வேண்டும்?

எவெந்துவால்மெந்தேயில் எங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருந்தது. சர்வீஸ் விழுந்துகொண்டே இருந்தது, அதனால் தப்பு வெளியே வந்தது. இங்கே எதுவும் விழாது. வாக்கியம் சரியாக இருக்கும், வாசகர் திருப்தியாக அடுத்த பக்கம் போவார், காணாமல் போனது எதுவென்று யாருக்கும் தெரியாது. எங்கள் தொழிலில் மிகவும் பயப்படுகிற வகை இதுதான், சத்தமே போடாத பிழை.

என்னிடமிருக்கும் கிராஸ்மன் பிரதியில் அந்தச் சனிக்கிழமைக்குப் பக்கத்தில் 'ஒன்பதாம் அத்தியாயம் பார்' என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். உங்களிடம் எந்தப் பதிப்பு இருந்தாலும், முதல் பக்கத்தைத் திறந்து சனிக்கிழமை என்ன சமையல் என்று ஒருதடவை பாருங்கள்.