யார் சோற்றுக்கு யார் கடன்?

எங்கப்பா பண்ணையை விட்டு வெளியேறியபோது ஆண்டை வீட்டில் சொன்னது: ‘உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணிட்டான்.’ அப்பா கேட்டார்: ‘நட்டதும் அறுத்ததும் நாம. சோறு மட்டும் எப்பிடிடா அவன் சோறாச்சு?’

அந்தக் கேள்வியோடுதான் கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையைப் படிக்கிறேன். சேக்கிழாரின் நந்தனுக்கு ஆண்டை இல்லை. ஊர் விட்ட மானியத்தில் உண்டு, கோயில் பேரிகைக்குத் தோல் கொடுத்தவன் அவன். 19ஆம் நூற்றாண்டில் பாரதிதான் அவன் தலைமேல் ஒரு வேதியரை உட்கார வைக்கிறார். நந்தன் மனசு சிதம்பரத்துக்கு மாறிவிட்டது. ஆனாலும் நாற்பது வேலியை அறுத்துக் கொடுத்துட்டுத்தான் போகணும். சிவனே பூதகணங்களை அனுப்பி ஒரே ராத்திரியில் வேலையை முடித்துக் கொடுக்கிறான். அந்தக் கணக்கே தப்பு என்று சிவன்கூடச் சொல்லவில்லை. பக்தி என்று உருகுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அதே தஞ்சை மண்ணில், கீழவெண்மணியில், நம் சனங்கள் கூலி உயர்வு கேட்டார்கள்; செங்கொடியை விட மறுத்தார்கள். 1968 டிசம்பர் 25 ராத்திரி 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். பூதகணம் எதுவும் வரவில்லை.

பக்கம் மாறுகிறவனைத் துரோகி என்று எழுதும் விமர்சகர்களே, விசுவாசம் கேட்டு நம் சேரிக்கு வரும் கட்சிகளே, முதலில் அந்த நாற்பது வேலிக்கான கூலியைச் சொல்லுங்கள். மத்ததை அப்புறம் பேசலாம்.